நுரை வராத தண்ணீரும் வறண்ட சருமமும்

சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் புதிதாகக் குடிவருபவர்கள் பலர் முதல் வாரத்திலேயே சொல்வது, 'எவ்வளவு தேய்ச்சாலும் சோப்பு நுரையே வரலை.' கொஞ்ச நாளில் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கோடுகள், பிள்ளைகளுக்கு முதுகில் அரிப்பு. உடனே கிருமிநாசினி சோப்புக்கு மாறுவார்கள். வறட்சியால் வந்த அரிப்பு அதனால் தீராது. சில சமயம் கூடவும் செய்யும்.

சோப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இங்கே பல வீடுகளில் குளிப்பது உப்பு ஏறிய போர் தண்ணீரில். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளி ஓரத்தில் படியும் அந்த வெள்ளைப் படலம்தான் தோலிலும் ஒட்டுகிறது. நுரைக்காக இன்னும் தேய்த்தால் தோலின் இயற்கை எண்ணெயும் சேர்ந்து போய்விடும். சந்தேகம் இருந்தால், ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர் எடுத்து, சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கடையில் விளம்பரத்தை விட்டுவிட்டு உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். டிஎஃப்எம் என்பது சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தர 'டாய்லெட் சோப்'பில் அது குறைந்தது 76 சதவீதம். இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. 'பாத்திங் பார்' என்றிருந்தால் 40 இருந்தாலே போதும். ஆனால் 76 என்று போட்டிருப்பதாலேயே அது மென்மையானது என்று நம்பிவிட வேண்டாம். ஆரோக்கியமான தோலின் பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 வரை போகும். வறண்ட சருமத்துக்கு 'சோப் ஃப்ரீ' அல்லது 'சின்டெட்' என்று அச்சிட்ட, வாசனை சேர்க்காத கட்டியோ திரவமோ நல்லது. உப்புத் தண்ணீரிலும் அது பிசுக்காகாது. விலைதான் கொஞ்சம் கூட. அதனால் முகத்துக்கும் அரிப்புள்ள பிள்ளைக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பாட்டி அரைத்து வைத்த பயத்தம் மாவிலும் இந்தப் பிசுக்குத் தொல்லை கிடையாது. நைசாகச் சலித்து, அன்றன்றைக்குக் குழைத்து, அழுத்தாமல் பூசிக் கழுவ வேண்டும். வெடிப்போ புண்ணோ இருக்கும் இடத்தில் வேண்டாம்.

சோப்பு உடம்பு முழுவதும் தேவையில்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் முழுசாகக் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள்.

இரண்டு வாரமாகியும் அரிப்பு நிற்கவில்லை, நீர் வடிகிறது என்றால் சோப்பு மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐப்பசி மழையில் மொட்டைமாடி நன்றாகக் கழுவிப் போன பிறகு ஒரு குடம் தண்ணீர் பிடித்து, அதில் முகம் கழுவிப் பாருங்கள். அதே சோப்பு பொங்கப் பொங்க நுரைக்கும்.