தற்காலிகச் சட்டமும் நிரந்தர அச்சமும்

இலங்கையின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் முழுப்பெயரை நம்மில் பலர் கவனித்திருக்கமாட்டோம். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் என்பதே அது. மூன்று வருடங்களுக்கு மாத்திரம் என்று கூறிக் கொண்டுவரப்பட்ட இந்தத் தற்காலிக ஏற்பாடுகள் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டன. பெயரிலுள்ள 'தற்காலிக' என்ற சொல்லை நீக்கும் சிரமத்தைக்கூட ஆட்சியாளர்கள் மேற்கொள்ளவில்லை.

அச்சம் நிறைந்த காலத்தில் அரசாங்கத்துக்கு இரவலாகக் கொடுக்கப்பட்ட அதிகாரம் எதுவும் தானாகத் திரும்பி வந்ததில்லை. அது புதிய ஆட்களைத் தேடிக்கொண்டு புறப்படும். முதலில் தமிழனின் வீட்டுக்கதவைத் தட்டியது. பின்னர் முஸ்லிமின் கதவைத் தட்டியது. இடையிடையே சிங்களவனின் கதவையும் தட்டத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரர் தமது கதவைச் சாத்திக்கொண்டு, 'ஏதாவது இருக்கத்தானே வேண்டும்' என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். இந்தச் சமாதானத்தைப் பற்றியே இங்கு பேசவேண்டியிருக்கிறது.

1979 ஜூலையில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, பிரிகேடியர் வீரதுங்கவை அங்கு அனுப்பிவைத்தார். அவ்வருடம் டிசம்பர் 31 ஆம் திகதிக்கு முன்னர் பயங்கரவாதத்தை முற்றாக ஒழித்துவிடவேண்டும் என்பது அவருக்கு வழங்கப்பட்ட பணிப்புரை. அப்பொழுது ஆயுதம் ஏந்தியிருந்த இளைஞர்களின் தொகை மிகச் சொற்பம். ஆனால், பிடித்துச் செல்லப்பட்டவர்களும் சித்திரவதைக்குள்ளானவர்களும் சொற்பமல்ல. டிசம்பர் 31 வந்தது, போனது. பயங்கரவாதம் ஒழியவில்லை. ஆயுதம் ஏந்துவதற்கான நியாயங்களே பல்கிப் பெருகின. அதன் பின்னர் முப்பது வருடங்கள் நாடு எதனை அனுபவித்தது என்பதை எவருக்கும் எடுத்துக்கூறவேண்டியதில்லை.

இச்சட்டத்தின் நச்சுப் பற்கள் இரண்டு. முதலாவது, பாதுகாப்பு அமைச்சரின் கையொப்பத்துடன் ஒருவரை மூன்று மூன்று மாதங்களாக, மொத்தம் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்கலாம் என்ற ஏற்பாடு. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் இதனைப் பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்தது. இரண்டாவது, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவரிடமோ அவருக்கு மேற்பட்ட தரத்தில் உள்ளவரிடமோ கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம் என்ற ஏற்பாடு. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த அத்தகைய வாக்குமூலத்துக்குப் பெறுமதியில்லை. இங்கோ, அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரம் அடிவாங்கியவனின் தலையிலேயே சுமத்தப்பட்டிருக்கிறது. மூடிய அறைக்குள் நடந்ததற்குச் சாட்சிக்கு அவன் எங்கே போவான்?

1993 இல் கைதுசெய்யப்பட்ட சிங்கராசா என்ற தமிழரின் வழக்கு இதற்கு உதாரணம். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். ஒப்புதல் வாக்குமூலம் தட்டச்சு செய்யப்பட்டதோ சிங்களத்தில். அதன் கீழ் அவரது பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டிருந்தது. அதன் பலத்தில் மேல் நீதிமன்றம் ஐம்பது வருடச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்து வருடங்களாகியது. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004 இல் கூறியது. அந்தக் குழுவின் கருத்து இலங்கையைக் கட்டுப்படுத்தாது என்று 2006 இல் எமது உயர் நீதிமன்றம் கூறியது.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கொழும்பில் தங்கியிருப்பதற்குக் காரணம் கூறமுடியாதவர்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்பதே அன்றைய தர்க்கம். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்து நிறுத்தியது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அடுத்த வருடம் பத்திரிகையாளர் ஜே.எஸ். திசநாயகம், தாம் எழுதியவற்றுக்காகக் கைதுசெய்யப்பட்டு, 2009 ஆகஸ்டில் இதே சட்டத்தின் கீழ் இருபது வருடச் சிறைத்தண்டனை பெற்றார். சர்வதேசக் கண்டனங்களுக்குப் பின்னரே 2010 இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

இவை தமிழ் வாசகர்களுக்குப் பழகிப்போன கதைகள். இனிக் கூறவிருப்பவை நம்மில் பலர் காதுகொடுத்துக் கேட்க விரும்பாதவை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், கொழும்பின் மூன்று ஆடம்பர ஹோட்டல்கள். கொல்லப்பட்டவர்கள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். சியோன் தேவாலயத்தில் மாண்டவர்களுள் ஞாயிறு பாடசாலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளும் அடக்கம். அந்தப் பெற்றோரின் துயரத்தை எந்த வாதத்தினாலும் சிறுமைப்படுத்திவிட முடியாது. கொலையாளிகள் முஸ்லிம்கள், தங்கள் மதத்தின் பெயரிலேயே கொன்றார்கள் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ஆனால், அதற்குப் பின்னர் நடந்தது என்ன? முதலில் அகப்பட்டவர்கள் நீர்கொழும்பில் தஞ்சமடைந்திருந்த பாகிஸ்தானிய, ஆப்கானிஸ்தானிய அகதிகள். அவர்களுள் அஹமதியாக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். மத வெறியர்களுக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடிவந்தவர்கள் வாடகை வீடுகளில் இருந்து துரத்தப்பட்டு, பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒடுங்கிக் கிடந்தார்கள். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை.

மே நடுப்பகுதியில் ஹஸலக்கவைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணொருவர், ஆடையில் தர்மச்சக்கரம் பொறிக்கப்பட்டிருப்பதாகக் கூறிக் கைதுசெய்யப்பட்டார். அது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரத்தின் படம். இரண்டு வாரங்களுக்கும் மேலாக அவர் விளக்கமறியலில் இருந்தார். அவர்மீது பிரயோகிக்கப்பட்டது, சர்வதேச மனித உரிமைகள் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவதற்கென்று 2007 இல் இயற்றப்பட்ட சட்டம்! அதே மே மாதத்தில், ஊரடங்குச் சட்டம் அமுலில் இருக்கையிலேயே, குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

மே 23 ஆம் திகதி சிங்கள நாளிதழ் ஒன்று, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. அடுத்த ஓரிரு நாட்களில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைதுசெய்யப்பட்டார். கருத்தடைக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப்புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஆயினும் அவர் மீண்டும் பணிக்குத் திரும்ப வருடங்கள் சென்றன. நிலுவைச் சம்பளம் கிடைத்தபொழுது, 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைக்கு மருந்து வாங்குவதற்கென்று அதனை அவர் வழங்கிவிட்டார். ஒரு வதந்தியை உறுதிசெய்துகொள்ளாமல் முதற்பக்கத்தில் போடும் பத்திரிகையாசிரியர், தடியேந்தி வரும் கும்பலுக்கு முன்னால் நடந்து செல்பவராகிறார். எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் இதனை மறக்கக்கூடாது.

'பாதுகாப்பு என்று வரும்பொழுது கொஞ்சம் கூடக்குறையத்தான் இருக்கும்' என்பார்கள். சரி, பாதுகாப்பையே அளவுகோலாகக் கொள்வோம். தாக்குதல் பற்றிய எச்சரிக்கை இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து ஏப்ரல் 4 ஆம் திகதியே கிடைத்திருந்தது. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் அதற்கு முன்பே முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கு நடந்த மோதலின் பின்னரே அவர் தலைமறைவானார். குண்டுவெடிப்புகளின் பின்னர் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. ஆக, அறிந்தவர்கள் சொன்னார்கள், கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தமது கடமையில் தவறினார் என்று தீர்த்து, பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு உத்தரவிட்டது. முன்னாள் பொலிஸ்மா அதிபர் உட்பட வேறு நால்வரும் நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டனர்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கு நோகடிக்கப்பட்டவர்கள் அம்புகள்கூட அல்லர். கடமை தவறியவர்கள் பதில்கூறும் நாள் தள்ளிப்போயிற்று. நாடு சுக்கான் சக்கரத்தையும் கருத்தடையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பலிக்கடா தேடுபவனுக்கு வெறுப்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது தன்னை மறைத்துக்கொள்ள ஒரு திரை. அந்தத் திரையை வழங்குபவர்கள் அச்சமுற்ற பொதுமக்களாகிய நாமே.

அடுத்த வருடமும் இதுவே தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் கைதானார். பிணை கிடைத்தது 2022 பெப்ரவரியில். 2020 மே மாதத்தில் இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் கைதானார். அவரது 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று கூறப்பட்டது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருந்ததைத் தமிழறிந்த எவரும் வாசித்துச் சொல்லியிருக்கலாம். பத்தொன்பது மாதங்கள் அடைபட்டிருந்த அவரை 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. சிங்கராசா தன்னால் வாசிக்கமுடியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அஹ்னாப், தன்னைப் பிடித்தவர்களால் வாசிக்கமுடியாத மொழியில் எழுதியதற்காக அடைக்கப்பட்டார். இருவருக்கும் இடையில் இருபத்தேழு வருடங்கள். மொழி ஒன்று, சட்டமும் ஒன்று.

அக்காலத்திலேதான் கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாளான சிசுவொன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த உத்தரவு நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சாம்பலிடம் மன்னிப்புக் கேட்டு என்ன பயன்?

இவையெல்லாம் நடந்தபொழுது தமிழர்களாகிய நாம் என்ன செய்தோம்? குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள், அவர்களை வணங்குவோம். ஆனால், 'நாங்கள் அடிவாங்கியபொழுது இவர்கள் எங்கே இருந்தார்கள்?' என்ற கேள்வி ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக ஒலித்தது. கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற்படையினரின் கைகளில் துன்பப்பட்ட தமிழருக்கு அவ்வாறு கேட்கக் காரணம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு முஸ்லிம் தலைவர்கள் பதில் கூறவும் வேண்டும். ஆனால், அதே கேள்வியை அவர்கள் எம்மிடம் திருப்பிக் கேட்டால்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். சிலர் உளவாளிகள் என்ற சந்தேகம், ஒரு சமூகம் முழுவதும் துரோகி என்ற தீர்ப்பாகியது. தலைமுறைகளாக எங்கள் மொழியைப் பேசி, எங்கள் சந்தைகளில் வியாபாரம் செய்தவர்கள் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள். கொழும்பு லொட்ஜ்களில் தமிழர்களைப் பஸ் ஏற்றியவர்களின் தர்க்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன? அச்சத்தின் தர்க்கத்துக்கு இனமில்லை, மொழியில்லை. கையில் துவக்கு உள்ளவன் யாராக இருந்தாலும் அது அவனுக்குப் பொருந்தும்.

சிங்கள மக்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பொறுப்பு என்று கூறி ஜே.ஆர். அரசாங்கம் தடைசெய்த கட்சிகளுள் மக்கள் விடுதலை முன்னணியும் ஒன்று. தமிழரைக் கொன்றவர்களை விட்டுவிட்டு இடதுசாரிகள்மீது பழிபோட்ட அன்றைய ஆட்சி, பலிக்கடாவைச் சிங்களவருக்குள்ளும் தேடலாம் என்று காட்டியது. 2022 இன் மக்கள் கிளர்ச்சிக்குப் பின்னர் மாணவர் தலைவர் வசந்த முதலிகே ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டது, தமிழருக்கென்று 1979 இல் வார்க்கப்பட்ட இதே சட்டத்தின் கீழ்தான்.

2024 இல் மக்கள் விடுதலை முன்னணியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி, இச்சட்டத்தை நீக்குவதாக வாக்குறுதியளித்து ஆட்சிக்கு வந்தது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஒட்டி ஒன்றை ஒட்டிய இருபத்திரண்டு வயது முஸ்லிம் இளைஞர் அதே சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டார். எதிர்க்கட்சியில் இருக்கும்பொழுது கொடுமையாகத் தெரியும் ஆயுதம், ஆட்சிக் கதிரையில் அமர்ந்ததும் பயனுள்ளதாகத் தெரியத் தொடங்கிவிடுகிறது.

புலம்பெயர்ந்த வாசகர்கள் இதனை ஊர்க்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களை ஏற்றிக்கொண்டு எம்.வி. சன் சீ கப்பல் கனடாவை அடைந்தபொழுது, அதில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்று அந்நாட்டு அமைச்சர்கள் எச்சரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் தடுத்துவைக்கப்பட்டனர். அந்த அச்சத்தின் அறுவடையாக அகதிகளைக் கட்டாயமாகத் தடுத்துவைக்கும் சட்டமும் வந்தது. இன்று தாம் குடியேறிய நாடுகளில் இன்னொரு சமூகத்தைச் சுட்டிக்காட்டி அரசியல்வாதிகள் கூச்சலிடும்பொழுது தலையாட்டும் தமிழர்கள், அந்தக் கப்பலை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

குண்டு வைத்தவனைப் பிடியுங்கள். சாதாரண சட்டத்தின் கீழ் வழக்குத் தொடருங்கள். சாட்சியங்களைக் கொண்டு நிரூபித்துத் தண்டியுங்கள். எவரும் அதற்குத் தடையாக நிற்கப்போவதில்லை. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் ஏற்பாடும், நீதிமன்றத்தை ஒதுக்கிவைத்து அமைச்சரின் கையொப்பத்தில் ஆட்களை அடைக்கும் ஏற்பாடும் எந்தப் புதிய பெயரிலும் திரும்பி வரக்கூடாது. சட்டத்தின் பெயரை மாற்றுவதில் எமது ஆட்சியாளர்கள் வல்லவர்கள் என்பதால் இதனை அழுத்திக் கூறவேண்டியிருக்கிறது.

தமிழர் இந்தக் கோரிக்கையைத் தமிழ்க் கைதிகளுக்காக மாத்திரம் எழுப்பினால் அது இனத்தின் முறைப்பாடாகவே கொழும்பில் செவிமடுக்கப்படும். அஹ்னாபுக்காகவும் முதலிகேக்காகவும் அதே உரத்த குரலில் எழுப்பினால் மாத்திரமே அது நீதிக்கான கோரிக்கையாகும். நாற்பது வருடங்களுக்கும் மேலாக இச்சட்டத்தின் சுவையை அறிந்தவர்கள் நாம். அதைப் பற்றிப் பேசும் தகுதி எமக்கு நிறையவே இருக்கிறது. பேசாதிருக்கும் உரிமை இல்லை.