கடல் விபத்துக்கும் தனி விசாரணை அமைப்பு வேண்டும்

மாசி மகம் வந்தால் லுமுட் படகுத்துறையில் நம்மவர் கூட்டம் அலைமோதும். ஈப்போ, சித்தியவான், ஆயர் தாவார் தோட்டப்புறங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, பங்கோர் பத்திரகாளியம்மன் ஆலயத்திற்கு ஃபெரி ஏறுவார்கள். குறுகிய பயணம்தான் என்பதால் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கடல் விபத்து நமக்குப் புதிதல்ல. தமிழகத்திற்கும் மலாயாவுக்கும் இடையே நம் பெற்றோரை ஏற்றிச் சென்ற 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது. 1988 ஜூலை 31இல் பட்டர்வொர்த் ஃபெரி முனையம் இடிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதற்கு அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆனால் ஒரு படகு கவிழ்ந்து இருவர் இறந்தால் ஆணையம் அமையுமா?

விசாரணையில் இரண்டு வகை உண்டு. குற்றவாளி யார் என்று தேடுவது போலீஸ் வேலை. விபத்து ஏன் நடந்தது, மீண்டும் நடக்காமல் தடுப்பது எப்படி என்று ஆராய்வது பாதுகாப்பு விசாரணை. உண்மையைச் சொன்னால் சிறை என்று பயந்தால் எந்த மாலுமி வாய் திறப்பார்? அதனால்தான் அனைத்துலகக் கடல்சார் நிறுவனத்தின் விபத்து விசாரணை விதித்தொகுப்பு இரண்டையும் பிரிக்கச் சொல்கிறது. 2010 ஜனவரி 1 முதல் அது நடப்பில் உள்ளது. ஆனால் அது இணைந்துள்ள சோலாஸ் உடன்படிக்கையின் பெரும்பகுதி வெளிநாட்டுப் பயணம் செல்லும் கப்பல்களுக்கே பொருந்தும். உள்ளூர் ஃபெரிக்கும் மீன்பிடிப் படகுக்கும் உள்நாட்டுச் சட்டமே காவல்.

நம் நாட்டில் கப்பல் துறைக்கு அடிப்படை, 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். கலங்களைப் பரிசோதித்து உரிமம் தரும் கடல்துறை இலாகாவே விபத்தையும் ஆராய்கிறது. பரிசோதனையிலேயே கோளாறு இருந்திருந்தால் அதை யார் சொல்வது? பிரிட்டன் இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. 1987இல் முன்கதவை மூடாமல் புறப்பட்ட ஒரு ஃபெரி பெல்ஜியத் துறைமுகத்தருகே கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். கதவை மூடத் தவறிய ஊழியரோடு நிற்காமல், நிறுவன நிர்வாகத்தின் அலட்சியத்தையும் விசாரணை வெளிக்கொணர்ந்தது. 1989இல் அங்கே கடல் விபத்துக்கென்றே தனிப் புலனாய்வுப் பிரிவு பிறந்தது.

மலேசியாவிலும் விமான விபத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. 2025இல் தெலுக் இந்தானில் 9 கலகத் தடுப்புப் போலீசாரும், கெரிக்கில் 15 மாணவர்களும் பலியானபோது போக்குவரத்து அமைச்சு சிறப்புப் பணிக்குழு அமைத்து அறிக்கையைப் பொதுவில் வைத்தது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் பிணம் விழுந்த பிறகு குழு அமைப்பது வேறு, சட்டத்தின் பலத்தோடு நிரந்தர அமைப்பு இருப்பது வேறு.

அந்த அமைப்பு இலாகாவுக்குக் கட்டுப்படாததாக இருக்க வேண்டும். சிறு படகும் அதன் வரம்புக்குள் வர வேண்டும். உயிர்ச்சேதமின்றித் தப்பிய சம்பவங்களும் பதிவாக வேண்டும். அறிக்கை குறித்த காலத்தில் மக்கள் கைக்கு வர வேண்டும்.

சட்டம் வரும்வரை ஒன்று நம் கையில் உண்டு. ஃபெரியில் கூட்டம் அளவு மீறினால், அடுத்த ஃபெரிக்குக் காத்திருப்போம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.