வரிசையில் நிற்கும் விமானத்துக்கு எதற்கு இன்ஜின்?

ஆம்பூரில் என் அப்பா வேலை பார்த்த டேனரி வாசலில் எடைமேடை ஒன்றுதான். உப்புத் தோல் ஏற்றிய லாரிகள் இன்ஜினை ஓடவிட்டபடி வரிசை கட்டி நிற்கும். ஒருநாள் அப்பா லாரி செட்டுக்குப் போன் போட்டு, "நான் சொன்ன பிறகு ஒவ்வொன்றா அனுப்புங்க" என்றார். இடம் போய்விடும் என்று டிரைவர்கள் முறைத்தார்கள். டோக்கன் கொடுத்ததும் அடங்கினார்கள். எடை போடும் வேகம் மாறவில்லை, டீசல் மட்டும் மிச்சம்.

இதையே கணித மாடல் போட்டு விமானங்களுக்குச் செய்கிறார்கள் என்பது சாப்ட்வேர் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியராக இருக்கும் ஹம்சா பாலகிருஷ்ணனின் குழு, 2010ல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் இதைச் சோதித்தது. அடுத்த கால் மணி நேரத்தில் எத்தனை விமானங்களைக் கேட்டிலிருந்து விடலாம் என்று மாடல் கணக்கிடும். மற்றவை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கேட்டிலேயே நிற்கும். கன்ட்ரோலருக்கு விடையைக் காட்டியது எது தெரியுமா? வெறும் கலர் அட்டைகள்! ஆண்ட்ராய்டு டேப்லெட் அடுத்த ஆண்டுதான் வந்தது. நான்கு நான்கு மணி நேரமாக எட்டு முறை நடந்த சோதனையில் 12 டன்னுக்கு மேல் எரிபொருள் மிச்சமானது. கேட்டில் கூடுதல் காத்திருப்பு, சராசரியாக நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்.

நீங்களே எக்செல்லில் பார்க்கலாம். ஒரு ரன்வே மணிக்கு 30 விமானங்களைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானங்களின் எண்ணிக்கையை ஏ1 செல்லில் கொடுத்து, பி1ல் =60*ஏ1/(30*(30-ஏ1)) என்று டைப் செய்யுங்கள் (செல் பெயர் ஆங்கிலத்தில்). 24க்கு 8 நிமிடக் காத்திருப்பு, 27க்கு 18. 29 கொடுத்தால் 58! எல்லாம் தாறுமாறான நேரத்தில் வந்தால் என்ற எளிய மாடல்தான் இது. சென்னையைப் போல் ஒன்றையொன்று வெட்டும் ரன்வேக்கள், மழை எல்லாம் சேர்ந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

நம் நாட்டிலும் 2017ல் இதற்கென டெல்லியில் ஒரு மையம் திறந்தார்கள். ஆனால் கேட்டை விட்டு நகர்ந்த நேரத்தைத்தான் பொதுவாக 'புறப்பாடு' என்று கணக்கிடுகிறார்கள். பிறகு எந்தக் கம்பெனி கேட்டில் பொறுமையாக நிற்கும்? மாடலைவிட முதலில் திருத்த வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்பேன். கன்ட்ரோலர் சொல்லிக் காத்திருந்த நிமிடங்களைத் தாமதத்தில் சேர்க்கக்கூடாது. டோக்கன் வரிசையை எல்லாக் கம்பெனிகளும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

ஷூ சாம்பிள் பெட்டியோடு மீனம்பாக்கம் ஓடும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடலாமே: "முன்னால் ஒன்பது விமானம் இருக்கிறது, இங்கேயே நிற்கிறோம்." ஏ.சி. ஓடினால் நான் உட்காரத் தயார்.