அருவியில நனைஞ்சாச்சு, அடுத்து சைக்கிள் எடுங்க!

இலங்கையில பொலன்னறுவை போனா, வாடகை சைக்கிள்ல வழிகாட்டி பின்னாடியே மிதிச்சு, புத்த விகாரை இடிபாடுகளைச் சுத்திப் பார்க்கலாம். கல் விகாரையில சயனிக்கிற புத்தர் மட்டும் சுமார் 14 மீட்டர்!

இதைக் குற்றாலத்துல யோசிச்சுப் பாருங்க. அவலோகிதேஸ்வரர் வாழ்றதா பௌத்த நூல்கள் சொல்ற மலை, பொதலகம். திபெத்தின் பொட்டாலா அரண்மனைக்கே அந்தப் பேர்தான். 7-ம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், அந்த மலை தென்னிந்தியாவுல இருக்குன்னு எழுதினார். அது நம்ம பொதிகைதான்னு சொல்ற ஆய்வாளர்களும் உண்டு.

அதுக்காக இங்க விகாரை தேடிக் கிளம்பினா ஏமாந்துடுவீங்க. பார்க்கவேண்டியது வேற. குற்றாலத்துல சித்திரசபை, சுவர் முழுக்க ஓவியம். சேர்ந்தமரம் பக்கம் திருமலாபுரத்துல முற்காலப் பாண்டியர் குடைவரை, மங்கிப்போன ஓவியங்களோட. சீசன் கூட்டமோ அருவி, பரோட்டான்னு முடிச்சுக்குது.

ரோடு இருக்கு, சைக்கிளும் கிடைச்சுடும். விஷயம் தெரிஞ்ச வழிகாட்டிதான் வேணும். சேலம் பெரியேரியில தலைவெட்டி முனியப்பனா கும்பிட்ட சிலை புத்தர்னு, தொல்லியல் துறை ஆய்வுக்குப் பிறகு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. சொல்ல ஆள் இல்லைன்னா, நேர்ல நின்னாலும் யாருன்னு தெரியாது பாஸ்!

உள்ளூர் வரலாறு படிக்கிற காலேஜ் பசங்களே இதைத் தொடங்கலாம். சாரல் நேரம்னா ரெயின்கோட் மறக்காதீங்க.