படத்திற்கு ஏற்ற சட்டம்

எங்கள் வீட்டு முன்விறாந்தையில் நெடுங்காலமாக ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மம்மாவும் அம்மப்பாவும் கலியாணமான புதிதில் ஸ்ரூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அம்மம்மா நாற்காலியில் அமர்ந்திருப்பார். அம்மப்பா அருகில் விறைத்துப்போய் நிற்பார். அதற்கு நெகடிவும் இல்லை, வேறு பிரதியும் இல்லை. சட்டத்தைப் பூச்சி அரித்துவிட்டதென்று ஒருநாள் அதைக் கழற்றினேன். பின்பலகையை அகற்றிப் படத்தை மெல்ல உயர்த்தியபோது 'சர்' என்றொரு சிறு ஓசை கேட்டது. அம்மம்மாவின் முகத்தில் ஒரு பாதி கடதாசியோடு வந்தது; மறுபாதி கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

அவசரப்பட்ட குற்றம் என்னுடையது. ஆயினும், படத்தைக் கண்ணாடியின்மேல் நேரே வைத்து அடித்த சட்டக்காரருக்கும் அதிற் பங்குண்டு. தாம் எடுத்த கலைப்புகைப்படங்களைச் சுவரில் மாட்ட விரும்பும் மாணவர் ஒருவர், எத்தகைய சட்டம் போடலாம் என்று அண்மையில் என்னைக் கேட்டார். சட்டத்தின் நிறத்தைப் பற்றியே அவர் கேட்டார். நானோ கண்ணாடியிலிருந்து தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன்.

புகைப்படத்தின் மேற்பரப்பு வெறுங் கடதாசி அன்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தோற்றுவிப்பவை நுண்ணிய வெள்ளித் துகள்கள். அவற்றைத் தாங்கி நிற்பது ஜெலற்றின் என்னும் பசைப்பொருள். விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. காற்றிலே ஈரம் மிகுந்தால் ஜெலற்றின் அதை உறிஞ்சி ஊதி இளகும். இளகியது எதனோடு தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதனோடு பற்றிக்கொள்ளும். வருடத்தின் பெரும்பகுதியில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் கொழும்பு போன்ற இடங்களில், படமும் கண்ணாடியும் ஒட்டாதிருந்தாற்றான் அதிசயம். அந்த ஈரத்திலேயே பூஞ்சணமும் செழிக்கும். இக்காலத்தில் மைத்தெளிப்பு இயந்திரத்தில் அச்சிடப்படும் படங்களுக்கும் கண்ணாடி தொடுவது ஆகாது.

ஆதலின் முதல் விதி: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறிது காற்று இருக்கவேண்டும். அதற்கென்று அமைந்ததே மவுண்ட். தடித்த மட்டையொன்றின் நடுவே சாளரம் போல வெட்டிப் படத்தின்மேல் வைப்பார்கள். அழகுக்காக வைப்பது என்றே பலரும் நினைக்கின்றனர்; படத்தைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வைப்பதே அதன் பெரிய தொண்டு. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு சிறிய படங்களுக்குப் போதும். பெரிய கடதாசி நெளியக்கூடியதாதலால் அதற்கு இருமடங்கு தடிப்பு நன்று.

எந்த மட்டை என்பது அடுத்த கேள்வி. கடையில் மலிவாகக் கிடைக்கும் மட்டை மரக்கூழிற் செய்தது; மரத்திலுள்ள லிக்னினும் அமிலமும் அதில் எஞ்சியிருக்கும். அதன் குணத்தை அறிய விரும்புவோர் இந்தப் பத்திரிகையையே நாலு நாள் முற்றத்து வெயிலில் விரித்துவைத்துப் பார்க்கலாம். (படித்து முடித்த பின்னர் செய்வீர்களாக.) அவ்விதம் பழுத்துப்போகும் பொருள், தன்னோடு தொடும் படத்தையும் பழுக்கவைக்கும். பருத்தி நாரினாற் செய்த, அமிலமற்ற மட்டையே நல்லது. ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் சர்வதேச நியமத்தின்படி புகைப்படங்களுக்குப் பாதகமில்லை எனச் சோதிக்கப்பட்ட மட்டைகளும் உண்டு. விலை கூடுதல்தான். பணம் குறைவாயின் சட்டத்தின் விலையைக் குறையுங்கள். மட்டையின் விலையைக் குறைக்காதீர்கள். சட்டக்காரர் பின்னால் வைக்கும் ஹாட்போட் பலகைக்கும் படத்துக்கும் நடுவிலும் இதே மட்டையில் ஒன்று இருக்கவேண்டும். பழைய பத்திரிகைத்தாளை மடித்து அங்கே திணிக்கும் வழக்கம் அடியோடு ஒழியவேண்டியது.

இனி ஒட்டும் விஷயம். அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற இயற்கைக்காட்சிப் புகைப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ், தம் படங்களைச் சூட்டினால் உருகும் பசைத்தாளின் உதவியுடன் வெள்ளை மட்டையில் முழுவதும் ஒட்டுவார். படம் சிறிதும் நெளியாது கண்ணாடிபோல் தட்டையாக இருக்கும். பார்வைக்கு மிக நேர்த்தி. ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். மட்டைக்கு ஒரு கேடு வந்தால் படத்தை அதிலிருந்து மீட்பது எளிதன்று. நெகடிவோ கணினிக்கோப்போ கையில் இருக்கும் படத்துக்கு அவ்வாறு செய்யலாம். மீண்டும் அச்சிட இயலாத படத்துக்கு ஒருபோதும் செய்யலாகாது என்பது என் அபிப்பிராயம்.

மீண்டும் அச்சிட இயலாத படம் எது என்பதற்கு இலங்கையிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வென்ட், வழக்கறிஞராகக் கற்றவர், பியானோ வாத்தியத்தில் வல்லவர்; எல்லாவற்றுக்கும் மேலாகப் புகைப்படத்தைக் கலையாக்கியவர். கொழும்பில் அவர் பெயரால் அமைந்த கலையரங்கை அறியாதார் சிலரே. அவர் மறைந்தபின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் அச்சிட்ட கடதாசிகளே இன்று மூலங்கள். அவற்றில் ஒன்றைத் தவறான மட்டையில் ஒட்டிக் கெடுத்தால் அதற்கு ஈடு இல்லை.

ஒட்டாமற் பிடிக்கும் முறை நம் வீடுகளில் முன்னரே இருந்தது. கறுப்புத்தாள் அல்பங்களில் போட்டோ கோணர்களைச் செருகி வைத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அமிலமற்ற கடதாசியிற் செய்த அத்தகைய நான்கு கோணர்கள் பின்மட்டையில் ஒட்டப்பட்டிருந்தால், படத்தில் ஒரு துளி பசையும் படாது. வேண்டியபோது வெளியே எடுக்கலாம். செலோரேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசுபிசுத்துக் கறையை விட்டுப் போகும். கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒட்டினால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும்.

மவுண்டின் நிறத்துக்கு வருவோம். வெள்ளை என்று சொல்லிவிடுவது எளிது. வெள்ளையிலே எத்தனை வெள்ளை! படக்கடதாசி சற்றே பாலேடு நிறமாயிருக்க, மட்டை பளீரென்று நீலவெள்ளையாக இருந்தால், படத்திலுள்ள ஒளிபொருந்திய பகுதிகள் அழுக்கேறியவை போலத் தோன்றும். ஆதலால் படத்தைக் கடைக்கே எடுத்துச் சென்று, பகல் வெளிச்சத்தில் மட்டைத் துண்டுகளை அருகே வைத்துப் பாருங்கள். படத்தின் வெள்ளையிலும் ஓர் அணுவளவு மங்கலானதைத் தெரிந்தெடுங்கள். படத்திலுள்ள சேலையின் நிறத்துக்கு இசைவாகச் சிவப்பு மட்டை, பச்சை மட்டை என்று தேடுவோரும் உளர். வாழ்த்து மடலுக்கு அது பொருந்தும்.

அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உருவம் 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் என்று கொள்வோம். சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்கும்படி பெரிய கடதாசியில் அச்சிட்டிருந்தால், மட்டையின் சாளரத்தை எட்டரைக்குப் பத்தரையாக வெட்டலாம். உருவத்தின் விளிம்பு முழுவதும் தெரியும். கீழே பென்சிலாற் கையொப்பமிடவும் இடமிருக்கும். இதைக் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 16க்கு 20 அங்குலச் சட்டத்தில் அமைத்தால், பக்கங்களில் மூன்றே முக்கால் அங்குலம் வீதம் வரும். மேலே நாலரை, கீழே ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சமமாக விட்டால் படம் கீழே நழுவியதுபோல் கண்ணுக்குத் தோன்றும். அரை அங்குலம் அந்த மயக்கத்தைத் தீர்க்கும்.

சட்டத்தைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒடுங்கிய கறுப்பு மரம், மெருகிடாத தேக்கு, அலுமினியம் எதுவும் பொருந்தும். பொன்முலாம் பூசிய பூவேலைச் சட்டம் சாமிப்படத்துக்கு அழகு. புகைப்படத்தை அது விழுங்கிவிடும். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போட்டால் பாரம் குறையும், விழுந்தாலும் சிதறாது. ஆனால் துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும், எளிதிற் கீறலும் விழும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வாங்க வசதியிருந்தால் வாங்கலாம். அதனை நம்பி வெயில் விழும் சுவரில் மாட்டிவிடக் கூடாது. கட்புலனாகும் ஒளியும் நிறத்தை உண்ணும்.

மழை அடிக்கும் வெளிச்சுவரும், குளியலறைக்குப் பின்பக்கச் சுவரும் வேண்டாம். உட்சுவரொன்றில், படத்தின் நடு நிலத்திலிருந்து ஏறக்குறைய 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வரும்படி மாட்டுங்கள். நம் வீடுகளில் உத்தரத்துக்கு அருகே மாட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கிறோம். சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒன்று வீதம் ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று உலாவும். கறையான் ஏறினாலும் விரைவிற் கண்ணிற் படும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இறக்கிப் பின்புறத்தைப் பார்ப்பது நல்லது.

ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழம்படம் உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இழுக்காதீர்கள். கத்தியும் தண்ணீரும் வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே, வெளிச்சம் பிரதிபலியாதவாறு பக்கவாட்டில் விளக்கு வைத்து, நல்ல கமறாவினால் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பின்னர் அதைப் பேணற்கலை பயின்றவரிடம் காட்டலாம்.

எங்கள் படத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. கடதாசியில் வந்த பாதியையும் கண்ணாடியில் நின்ற பாதியையும் தனித்தனியே படம் எடுத்து, மருமகன் கணினியில் இணைத்துத் தந்தான். முகம் கிட்டத்தட்டச் சரியாகவே வந்திருக்கிறது. இடது கண்ணோரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு. அதையும் அழித்துவிடவா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றேன். புதுப்பிரதி பருத்தி மட்டைக்குள் விறாந்தையிலே தொங்குகிறது. அந்தக் கண்ணாடியை மெல்லிய கடதாசியிற் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.