இசைத்த கருவியை விற்கலாமா?

தொப்பம்பட்டியிலிருந்து வாசகர் ஒருவர் நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். அகவை 67. இளமையில் மெல்லிசைக் குழுக்களுடன் ஊர் ஊராகச் சென்று பாஸ் கித்தார் வாசித்தவர்; இன்று பங்கின் பாடற்குழுவில் ஞாயிறுதோறும் வாசித்து வருகிறவர். அவரிடம் மூன்று பாஸ் கித்தார்கள் உள்ளன. முதலாவது கல்கத்தாவில் செய்யப்பட்டது. கழுத்துக் குட்டையானது, எடை குறைந்தது. இரண்டாவது கழுத்து நீண்ட ஜப்பானியக் கருவி. வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய உறவினரிடம் வாங்கியது. மூன்றாவது ஐந்து தந்திகள் கொண்டது. மகன் தன் முதல் ஊதியங்களைச் சேர்த்து அளித்த அன்பளிப்பு. இப்போது அவருடைய இடது தோளில் வலி. மருத்துவர் பாரம் தூக்க வேண்டாம் என்கிறார். துணைவியாரோ, “ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றுவிடுங்கள்” என்கிறார். பாடற்குழுவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, ஆறு மாதமாக அவர் விரல்களையே உற்று நோக்கி வருகிறாள். அவளுடைய தந்தை அந்தச் சிறிய கித்தாரை விலைக்குக் கேட்கிறார். தோளுக்கு இதமானதும் அதுவே, சிறுமியின் கைக்கு ஏற்றதும் அதுவே. “என்ன செய்வது? பங்குப் பிள்ளையிடம் பணம் பெறுவது முறையாகுமா?” என்பது மடலின் வினா.

இவ்வினா ஓர் இசைவாணருக்கு மட்டும் உரியதன்று. தையல் இயந்திரம், தச்சுக் கருவிகள், தவில், ஆர்மோனியம் என, கையோடு ஒன்றிப்போன பொருளைக் கைமாற்ற வேண்டிய காலம் பல இல்லங்களிலும் வருகின்றது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பாஸ் கித்தார் எது என்று கேட்கும் வாசகர்களும் இருப்பார்கள். பாடற்குழுவில் பாடுவோரை நாம் அறிவோம், கீபோர்டு வாசிப்பவரையும் அறிவோம். ஓரமாக நின்று நெஞ்சுக்கூட்டில் அதிரும் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்புகிறவரைக் கவனிப்பது அரிது. அவர் ஒரு ஞாயிறு வராதபோதுதான் பாட்டு கடைக்கால் இல்லாத சுவர்போல் ஆடுகின்றது. வழக்கமான கித்தாரின் கீழ் நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை இதன் தந்திகள். மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கின்றது. முற்காலத்தில் இவ்வேலையை ஆள் உயர ‘டபுள் பாஸ்’ செய்துவந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1936ஆம் ஆண்டளவில் மின்சாரத்தால் ஒலிக்கும், கித்தார்போல் ஏந்தி வாசிக்கும் கருவியைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பாஸ்’ உலகெங்கும் பரவிற்று. வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் கழுத்தில் பதிக்கப்பட்டிருந்ததால் சுருதி பிசகாமல் துல்லியமாக வாசிக்க முடிந்தது. அப்பெயரின் காரணமும் அதுவே.

நம் நாட்டில் இக்கருவியைத் தமிழ் மக்களின் செவிக்குக் கொண்டுவந்தவை திரைப்பாடல்களே. 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக அறிமுகமான இளையராஜா, தாமே கித்தார் பயின்றவராதலால், பாஸ் கித்தாருக்கெனத் தனியொரு நடையைச் சுரக்குறிப்பில் எழுதி அளித்தார். அதை நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். பின்னாளில் ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் வாசித்தார். இவர்கள் பெயரை அறியாமலேயே இவர்களுடைய வாசிப்பை நம்முள் பலர் வாயால் முணுமுணுத்திருக்கிறோம். அமெரிக்காவிலும் இதே கதைதான். மோட்டவுன் இசைத்தட்டுகளில் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர் 1971 வரை எந்த உறையிலும் அச்சாகவில்லை.

இனி ஆலயத்திற்கு வருவோம். 1903ஆம் ஆண்டு நவம்பர் 22, புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை குறித்து விடுத்த ஆணையில், பியானோவும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளும் ஆலயத்தில் விலக்கப்பட்டன. 1963இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம், குழல் ஆர்கனுக்குரிய சிறப்பிடத்தைக் காத்துக்கொண்டே, பிற கருவிகளையும் ஆட்சியுரிமை உள்ளோரின் இசைவுடன் ஏற்கலாம் என்றது. அவை வழிபாட்டுக்குத் தக்கவையாகவும், ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தவையாகவும், மக்களின் பக்திக்கு உதவுவனவாகவும் இருத்தல் வேண்டும். 1967இல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய ஏடும் இதனையே வலியுறுத்திற்று. பாஸ் கித்தார் இவ்வளவுகோலில் தேறுமா என்று கேட்டால், எம் கருத்தில் ஒலிபெருக்கியின் குமிழைத் திருகும் விரலைப் பொறுத்தது அது. மென்மையாக ஒலிக்கும் பாஸ், மக்கள் பாடுவதற்குத் துணிவு தருகின்றது. திருவிழாப் பந்தலில் சன்னல் கண்ணாடி நடுங்க ஒலிக்கும் பாஸ் எதற்குத் துணை செய்கிறது என்பது எமக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது பல பங்குகளில் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பாஸும் தாமே ஓடுகின்றன. பாடுவோர் மூச்சு வாங்க நின்றால் அது நிற்பதில்லை; முதியோர் பின்தங்கினால் காத்திருப்பதுமில்லை. வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் பாடற்குழுவில் இருப்பதன் அருமை அங்கே தெரியும். ஆகவே தொப்பம்பட்டி அன்பரின் வினாவில், மூன்று மரக்கட்டைகளின் விலைக்கும் மேலான பொருள் அடங்கியிருக்கின்றது. அவருக்குப்பின் அங்கே யார் வாசிப்பது?

விற்கலாமா என்ற வினாவுக்கு எம் விடை: விற்கலாம், விற்கவும் வேண்டும். வாசிக்கப்படாத கருவி பெட்டிக்குள் அமைதியாக உறங்குவதாக நாம் எண்ணுகிறோம், உண்மை அதுவன்று. முறுக்கிய நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நம் திண்டுக்கல் சமவெளியின் கோடையில் மரம் வறள்கின்றது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறுகின்றது. கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டை அவ்வப்போது திருகிச் சரிசெய்யாவிடில் அது வில்லாய் வளையும். பெட்டிக்குத் திண்டுக்கல் பூட்டே போட்டாலும் துரு உள்ளே புகுந்துவிடும். ஐந்து தந்திக் கருவியினுள் ஒன்பது வோல்ட் மின்கலம் இருந்தால், விற்பது பிறகு இருக்கட்டும், இன்றே அதைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் உள்ளிருக்கும் மின்சுற்று முழுவதும் பாழாகும்.

பரணில் கிடந்த கருவியின் கதை ஒன்று உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு ஹாஃப்னர் நிறுவனத்தின் வயலின் வடிவப் பாஸ் ஒன்றை வாங்கினார். இடக்கை வாசிப்பாளரான அவருக்கு இருபுறமும் ஒத்த அதன் வடிவம் பிடித்துப்போயிற்று. 1972 அக்டோபரில், லண்டனில் நிறுத்தியிருந்த வாகனத்திலிருந்து அது களவு போயிற்று. பல்லாண்டுகள் கழித்து அன்பர் சிலர் முனைந்து தேடவே, இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் அது கிடந்தது தெரியவந்தது. மீட்கப்பட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. பழுது நீக்கியே அதை ஒலிக்கச் செய்ய முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில், 82 வயதில், அவர் லண்டன் மேடையில் அதை மீண்டும் வாசித்தார். ஜேமர்சனுக்கு அப்பேறு கிட்டவில்லை. 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் களவாடப்பட்ட அவருடைய 1962ஆம் ஆண்டுக் கருவி இன்றளவும் திரும்பவில்லை. கள்வன் கையால் பரண் ஏறினாலும் அன்பினால் பரண் ஏறினாலும் கருவிக்கு நேர்வது ஒன்றே.

இனி எதை விற்பது? ஐந்து தந்திக் கருவியையே முதலில் விற்கலாம். மூன்றினுள் எடை மிகுந்ததும், அன்பர் மிகக் குறைவாக வாசிப்பதும், நல்ல விலைக்குப் போவதும் அதுவே என மடலிலிருந்து தெரிகிறது. ஆனால் அது மகனின் அன்பளிப்பு. விற்ற பின் தெரிவிப்பதற்கும் விற்குமுன் கேட்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. மகனைக் கேளுங்கள், ஐயா. பெரும்பாலும் அவர், “அப்பா, தங்கள் தோள்தான் முக்கியம்” என்றே சொல்வார்.

சிறிய கித்தார்தான் சிக்கல். இங்கே நாம் துணிந்து ஒரு யோசனை கூறுகிறோம்: அதைச் சிறுமிக்கே கொடுங்கள். தாங்கள் ஜப்பானியக் கருவியை வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து வாசியுங்கள். நீண்ட கழுத்துடைய பாஸ் ஏறத்தாழ 4 கிலோ எடை இருக்கும். நின்று வாசித்தால் அது முழுவதும் ஒரு தோளில் தொங்குகின்றது, அமர்ந்தால் தொடை தாங்குகின்றது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரும் வாசிப்பாளர்கள் அமர்ந்தே வாசிக்கின்றனர். மேடையில் நின்று பழகியவருக்கு நாற்காலி சற்றே வெட்கமாக இருக்கலாம். ஆலயத்தில் அந்த வெட்கத்துக்கு இடமில்லை. மெல்லிய தந்திகளை மாற்றிக்கொண்டால் விரல்களுக்கும் இளைப்பாறுதல் கிட்டும். அமர்ந்தும் வலி நீடிக்குமாயின் மருத்துவர் சொல்லே முடிவானது. செவியைக் குறித்து மட்டும் ஓர் ஆறுதல்: முதுமையில் முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறனே, தாழ்ந்த ஒலிகள் நெடுங்காலம் உடன் வருகின்றன. பாஸ் வாசிப்பவர் இவ்வகையில் கொடுத்து வைத்தவர்.

பெண்பிள்ளைக்கு இக்கருவி எதற்கு என்று பங்கில் யாரேனும் சொன்னால், அமெரிக்காவின் கேரல் கேயை நினைவூட்டுங்கள். கித்தார் வாசித்துவந்த அவர், 1963இல் ஒரு பதிவுக்குப் பாஸ் வாசிப்பவர் வராமற்போகவே அக்கருவியைக் கையில் எடுத்தார். பின்னர் அந்நாட்டில் மிகுதியான பதிவுகளில் வாசித்தவர்களுள் ஒருவரானார். நம் நாட்டில் மும்பையின் மோகினி டே இன்று உலக மேடைகளில் வாசிக்கிறார்.

விலையைப் பற்றிப் புனித அக்குவினாவின் தோமையார் தம் இறையியல் தொகுப்பில் ஆராய்ந்திருக்கிறார். வாங்குபவருக்குத் தீங்கோ நட்டமோ விளைவிக்கக்கூடிய மறைவான குறையை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்பது அவர் முடிவு. பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு நேருமாயின், அவ்விழப்பைக் கருதிச் சற்றுக் கூடுதலாகப் பெறலாம். வாங்குபவரின் தேவை மிகுதி என்பதற்காக விலையை ஏற்றலாகாது. எவ்வளவு நுட்பமான பார்வை! கிறிஸ்து பிறப்பு விழா நெருங்குகிறது, பிள்ளை துடிக்கிறாள் என்பதற்காக ஐந்நூறு ரூபாய் கூட்டுவது முறையன்று. ‘என் கண்ணீருக்கும் விலை உண்டு’ என்று சொல்லவும் தோமையார் இடந்தருவாரா என்பது ஐயமே. அவர் கருதிய இழப்பு உண்மையான இழப்பு.

ஆகவே குறைகளை முதலில் சொல்லுங்கள். கல்கத்தாக் கருவியின் தலைப்பகுதியில் புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர் ஒன்றை யாரோ எழுதியிருப்பதாகத் தாங்களே குறிப்பிட்டுள்ளீர்கள். அக்கால நிலைமை அத்தகையது. நுகர்பொருள் இறக்குமதிக்கான கட்டுப்பாடுகள் 2001 வரை முழுதாக நீங்கவில்லை. உண்மையான வெளிநாட்டுக் கருவி எட்டாக்கனியாக இருந்தபோது பெயராவது இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டார்கள்; தந்தி கிடைக்காமல் பழைய தந்தியையே வெந்நீரில் கொதிக்கவைத்து மீண்டும் கட்டினார்கள். அதைக் கல்கத்தாக் கருவி என்றே சொல்லி விற்க வேண்டும். மற்ற இரண்டின் விலையை அறிய ஊரில் விசாரிப்பதோடு நில்லாது, சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இயங்கிவரும் மியூசி மியூசிகல் போன்ற கடைகளில் அத்தகைய புதுக் கருவி என்ன விலை என்று கேட்டறிந்து, அதற்குக் கீழே நியாயமாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சிறுமியிடம் பணம் பெறலாமா? பெறலாம், சிறு தொகையாக, தவணையாகப் பெறலாம். முற்றிலும் இலவசமாகக் கொடுப்பதைவிட இதுவே நன்று என்பது எம் துணிபு. தந்தை தம் உழைப்பின் பணத்தால் வாங்கிய கருவியை அப்பிள்ளை பெருமிதத்தோடு பேணுவாள். பங்குக்குக் காணிக்கையாக அளிப்பது கேட்க உயர்ந்ததாகத் தோன்றும்; எனினும் எல்லாருக்கும் பொதுவான கருவி திருப்பொருளறை மூலையில் எவருக்கும் உரியதாகாமல் கிடந்து துருப்பிடிப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். கற்பித்தலுக்கு மட்டும் கட்டணம் வேண்டாம். சனி மாலை ஒரு மணி நேரம், பங்கு மன்றத்தில், பெற்றோர் அறிய, கதவு திறந்திருக்கக் கற்றுக்கொடுங்கள்.

இறுதியாக ஒரு வேலை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாள் எடுத்து, செய்தவர் பெயர், வரிசை எண் இருந்தால் அது, வாங்கிய ஆண்டு, கொடுத்த விலை, மாற்றிய உறுப்புகள், இன்றைய மதிப்பு ஆகியவற்றைத் தங்கள் கையெழுத்திலேயே குறித்து வையுங்கள். இசைவாணர் மறைந்தபின் அவருடைய கருவிகள் பழைய சாமான் வியாபாரியின் தராசில் ஏறுவதற்குக் காரணம், பெரும்பாலும் வீட்டாருக்கு அவற்றின் மதிப்புத் தெரியாமையே. விற்கும் கருவியின் தாளை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொள்ளும் ஜப்பானியக் கருவியின் தாளில் ஒரு படியைப் பெட்டிக்குள்ளும், மற்றொன்றைத் துணைவியாரிடமும் கொடுத்து வையுங்கள். நாளை அதை யாரிடம் சேர்க்க விரும்புகிறீர்கள் என்பதையும் அதன் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.