பத்தாவது சீட்

ஏரோபிரிட்ஜ் தாண்டி, விமானத்துக்குள் காலடி வைத்ததும் ஏர்ஹோஸ்டஸ் கைகூப்பி வணக்கம் சொல்வார். முன்னாடி இருக்கிற பெரிய பெரிய சோபாக்களை எல்லாம் கண்ணில் காட்டிவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க’ என்பார். போவோம். போய்க்கொண்டே இருப்போம். கடைசியில் நம்ம வரிசை வந்ததும் மனசுக்குள் ஒரே ஒரு கேள்விதான் வரும். ‘இதுக்குள்ளயா பத்து மணி நேரம்?’

எம்.எஸ்., எம்.பி.ஏ., ஆன்சைட் என்று எதற்காகக் கிளம்பினாலும் நம்மில் முக்கால்வாசிப் பேர் உட்காரப் போவது எகானமி கிளாஸில்தான். அந்த சீட் ஏன் அவ்வளவு ஒடுக்கமாக இருக்கு? அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கு மக்களே. கதையின் ஹீரோ, போயிங் 747. செல்லப் பெயர் ஜம்போ ஜெட்.

ஒரு ஆள், ஒரு பிடிவாதம்

1950-கள் வரை விமானப் பயணம் பணக்காரர்கள் சமாசாரம். அட்லாண்டிக் கடலைத் தாண்ட 1952-ல்தான் ‘டூரிஸ்ட் கிளாஸ்’ என்று மலிவு டிக்கெட் வந்தது. 1958-ல் ‘எகானமி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இதற்கெல்லாம் விடாப்பிடியாக நின்றவர்களில் முக்கியமானவர் பான் ஆம் விமான கம்பெனியின் தலைவர் ஹுவான் டிரிப். அவருடைய கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரே தடவையில் நிறைய பேரை ஏற்றினால் தலைக்கு ஆகிற செலவு குறையும். செலவு குறைந்தால் சாதாரண ஜனங்களும் பறக்கலாம். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ தத்துவமேதான்!

அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த போயிங் 707 மாதிரி இரண்டரை மடங்கு பெரிய விமானம் வேணும் என்று கேட்டார் டிரிப். 1966-ல் ஒரே மூச்சில் 25 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். மதிப்பு 52.5 கோடி டாலர். பஸ் மேல் பஸ் வைத்த மாதிரி முழு நீளத்துக்கும் இரண்டு மாடி கட்டலாம் என்பதுதான் முதல் யோசனை. போயிங்கின் தலைமை இன்ஜினீயர் ஜோ சட்டர் குழுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆபத்து என்றால் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேறியாக வேண்டும். மேல்மாடியிலிருந்து எப்படி இறங்குவார்கள்? அதனால் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்தார்கள். உள்ளே சுமார் 20 அடி அகலம். நடுவில் நடக்க ஒன்றுக்கு இரண்டு பாதை. உலகத்தின் முதல் ‘வைட் பாடி’ பயணிகள் விமானம் அப்படித்தான் பிறந்தது.

1969 பிப்ரவரி 9-ம் தேதி முதன்முதலில் பறந்தது. 1970 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு கிளம்ப வேண்டிய அன்றைக்கு இன்ஜின் சூடாகி மக்கர் பண்ண, வேறு விமானத்தைக் கொண்டுவந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் லேட்டாகப் புறப்பட்டது. ‘ஃப்ளைட் டிலே’ என்பது ஜம்போவின் ஜாதகத்திலேயே இருக்கு பாஸ்!

பியானோ போச்சு, சீட் வந்துச்சு

இப்போதுதான் மேட்டருக்கு வருகிறோம். ஆரம்பகால ஜம்போவில் எகானமி வரிசை ஒன்றுக்கு ஒன்பது சீட். இடம் தாராளம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போய், எகானமி பயணிகளுக்கென்றே ஒரு லவுஞ்ச் அமைத்து, அதில் எலெக்ட்ரிக் பியானோ வைத்தது. நம்புங்கள், எகானமிக்குத்தான்! நம்ம ஏர் இந்தியாவும் சளைக்கவில்லை. 1971-ல் வந்த முதல் ஜம்போவுக்கு ‘எம்பரர் அசோகா’ என்று பெயர் வைத்து, ஜன்னல்களைச் சுற்றி அரண்மனை வளைவு வரைந்து, ‘ஆகாயத்தில் ஓர் அரண்மனை’ என்று விளம்பரம் செய்தது.

ஆனால் அரண்மனை நடத்தக் காசு வேணுமே? 1970-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம். பாதி சீட் காலியாகவே பறந்தன. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலியம் விலை எகிறியது. 1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ‘யார் குறைச்ச விலைக்கு டிக்கெட் கொடுப்பது’ என்று போட்டி ஆரம்பம். பியானோ போச்சு. லவுஞ்ச் போச்சு. அந்த இடத்தில் எல்லாம் சீட் முளைத்தது. ஒன்பது சீட் இருந்த வரிசையில் பத்தாவதாக ஒன்றை நுழைத்தார்கள். விமானம் அதே 20 அடி அகலம்தான். தோள்கள்தான் ஒன்று கூடிப்போச்சு.

இன்றைக்கு உங்கள் முழங்கை பக்கத்து ஆள் விலாவில் இடிக்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்தப் பத்தாவது சீட். அதே சமயம், எஜுகேஷன் லோன் வாங்கிப் படிக்கப் போகிறவர் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வர முடிகிறது என்றால், அதற்கும் ஒரு காரணம் அந்தப் பத்தாவது சீட். முப்பது வரிசை இருந்தால் முப்பது டிக்கெட் கூட விற்கலாம் இல்லையா? திட்டவும் வேணும், தேங்க்ஸும் சொல்ல வேணும்.

இதில் காமெடி, இதே கதை மறுபடி நடந்ததுதான். போயிங் 777 வந்தபோது பல கம்பெனிகள் வரிசைக்கு ஒன்பது என்றுதான் ஆரம்பித்தன. 747-ஐவிட அகலம் கொஞ்சம் குறைவான விமானம் அது. அதிலும் இப்போது பல கம்பெனிகள் பத்து போட்டுவிட்டன. ஜம்போவின் உற்பத்தியே முடிந்துபோனது. மொத்தம் 1,574 விமானங்கள். கடைசி விமானத்தை 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் என்ற சரக்கு கம்பெனி வாங்கிக்கொண்டு போனது. லுஃப்தான்சா மாதிரி ஒரு சில கம்பெனிகள்தான் இன்னமும் அதில் பயணிகளை ஏற்றுகின்றன. ஆனால் அந்த 3-4-3 மட்டும் சாகாவரம் வாங்கிவிட்டது. துபாய், தோஹா வழியாகப் போனாலும் நீங்கள் பெரும்பாலும் உட்காரப் போவது அதில்தான்.

எங்கே உட்காரலாம்?

3-4-3-ல் சீட் எழுத்துகள் ஏ, பி, சி. டி, இ, எஃப், ஜி. ஹெச், ஜே, கே. (‘ஐ’ கிடையாது. ஒன்றாம் நம்பர் மாதிரி தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.) எல்லோரும் ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். பகலில் பறந்தால் சரி. ராத்திரி ஃப்ளைட்டில் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும்? இருட்டு. பாத்ரூம் போக இரண்டு பேரை எழுப்ப வேண்டும்.

பாதை ஓர சீட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. சி, ஹெச்சில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் இரண்டு பேரும் உங்களை எழுப்பித்தான் வெளியே போக முடியும். டி, ஜி என்றால் ஒருத்தர்தான். நடு வரிசைக்கு இரண்டு பக்கமும் பாதை இருப்பதால் ஆளுக்குப் பாதி. தூக்கம் முக்கியம் என்றால் டி அல்லது ஜி. ஜம்போவில் இன்னொரு ரகசியம், வால் பக்கம் உடம்பு ஒடுங்குவதால் கடைசி சில வரிசைகளில் ஜன்னல் ஓரம் மூன்றுக்குப் பதில் இரண்டே சீட். ஃப்ரெண்டோடு போகிறவர்களுக்கு அதுதான் பிசினஸ் கிளாஸ்.

ஊட்டியில் ஒரு ராத்திரி

விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி, அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அதாவது நீங்கள் உட்கார்ந்திருப்பது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில். (787, ஏ350 மாதிரி புது விமானங்களில் 6,000 அடி. குன்னூர்!) சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வது அதனால்தான். உங்கள் வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அப்படித்தான் உப்பும். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும். கிளம்புவதற்கு முன்னால் சென்னா மசாலாவை ஒரு பிடி பிடிக்காதீர்கள். பத்தாவது சீட்காரர் பாவம்.

காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. உதடு வெடிக்கும், மூக்கு காயும். நாக்குக்கும் உப்பு, இனிப்பு சரியாகத் தெரியாது. 2010-ல் லுஃப்தான்சா ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. ‘ஃப்ளைட் சாப்பாடு சப்புன்னு இருக்கு’ என்று எல்லோரும் சொல்வதில் பாதிக் குற்றம் நம் நாக்கோடது.

சாப்பாடு என்றதும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிக்கெட் போடும்போது ‘ஹிந்து மீல்’ என்று ஒன்று இருக்கும். சைவம் என்று நினைத்து டிக் பண்ணிவிடாதீர்கள். அது அசைவம். சிக்கன் வந்து சிரிக்கும்! நம்ம ஊர் மாதிரி சைவம் வேணும் என்றால் ‘ஏசியன் வெஜிடேரியன்’. அதன் கோட் ஏ.வி.எம்.எல். ஏவி.எம். ஸ்டுடியோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. கிளம்ப ஒரு நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஸ்பெஷல் மீல் வழக்கமாக மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடும் என்பது போனஸ்.

அம்மா ஏன் தண்ணி குடிக்கலை?

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்கு. உங்களுக்கு வயது இருபத்திரண்டு. எப்படி உட்கார்ந்தாலும் சமாளித்துவிடுவீர்கள். இரண்டு வருஷம் கழித்துப் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் வருவார்களே, இனி சொல்லப் போவது அவர்களுக்காக.

முதல் தடவை பறக்கிற நம் ஊர் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? ‘ஜன்னல் சீட் கேட்டு வாங்கியிருக்கேம்மா’ என்று பையன் பெருமையாகச் சொல்லியிருப்பான். அம்மா பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர். அவர்கள் தூங்கிவிட்டால் எழுப்பக் கூச்சம். இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று தயக்கம். அதனால் அம்மா ஒரு முடிவெடுப்பார். தண்ணியே குடிக்க மாட்டார். குடித்தால்தானே பாத்ரூம் போகணும்? காலைத் தொங்கப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால், ‘சௌகரியமா இருந்துச்சுப்பா’ என்பார்.

அந்த அசையாமைதான் ஆபத்து. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 2000-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் திரும்பிய 28 வயது பிரிட்டிஷ் பெண் இப்படி இறந்துபோனபோதுதான் உலகம் இதைப் பெரிதாகப் பேச ஆரம்பித்தது. ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்ற பெயர் பிரபலமானதும் அப்போதுதான். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவு, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்றது. பஸ், ரயிலுக்கும் இதே கணக்குதான். பயப்பட வேண்டாம், ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு விமானத்தில் ஆபத்து கூடுதல். கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். நம் அம்மாக்களின் உயரம் என்ன?

சீட் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஓர் அளவு வைக்கச் சொல்லி 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2022-ல் அங்குள்ள விமானப் போக்குவரத்துத் துறை மக்களிடம் கருத்துக் கேட்டபோது கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அந்தப் பஞ்சாயத்து முடிகிறபோது முடியட்டும். நம்மால் முடிந்ததை நாம் செய்யலாம்.

அம்மாவுக்குப் பாதை ஓர சீட் போடுங்கள். கூட ஐந்நூறோ ஆயிரமோ கேட்டால் கொடுங்கள். அப்பாவுக்கு அவர் பக்கத்து சீட். கணுக்காலைச் சுழற்றுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து வால் பக்கம் வரை நடந்து வருவது, இதையெல்லாம் வீட்டிலேயே சேரில் உட்கார வைத்துப் பழக்கிவிடுங்கள். குட்டையானவர் என்றால் காலடியில் கைப்பையை வைத்து அதன்மேல் பாதம் ஊன்றச் சொல்லுங்கள். சுகர், பி.பி., இதய நோய், சமீபத்தில் ஆபரேஷன் என்று ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, ஆடுசதை வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ‘அலைச்சல்’ என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்கள். ‘எக்ஸ்க்யூஸ் மீ’. இரண்டு நாள் பழகினால் வந்துவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை, தோளைத் தொட்டுப் பாத்ரூம் பக்கம் கை காட்டினால் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும்.

நீங்கள் பறக்கும்போது பக்கத்து சீட்டில் புடவையோடு ஓர் அம்மா ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களாகவே எழுந்து நின்று, ‘போயிட்டு வாங்கம்மா’ என்று வழி விடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு கப் தண்ணி வாங்கிக் கொடுங்கள். அவர் குடிப்பார்.